கடை வாசலில் வலை

கயிற்றுக்கடை கோதண்டராமன் தன் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார் என்ற சேதி, பத்து மணிக்கெல்லாம் செங்கல்பட்டு பஜார் முழுக்கப் பரவிவிட்டது.

கடை வாசலை அடைத்து ஒரு மீன்வலை கட்டியிருந்தது. ஏற்கெனவே அறுந்துபோன ஒரு வலையில் கிழியாமல் மிஞ்சிய பாதி அது. மேலே கயிற்றுச் சுருள் தொங்கவிடும் கொக்கிகளில் மாட்டி, கீழே கதவு வளையங்களில் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே கல்லாவில் கோதண்டராமன். வெளியே இடுப்பில் கை வைத்தபடி அம்சா. புதுப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வலையோடு வந்து இறங்கியவள்.

"புது நூலுக்கு அடி போடறாய்யா," என்றார் பக்கத்து வெங்காயக் கடைக்காரர். "பாறைல வலைய கிழிச்சுகினு வந்து கடைக்காரன் தலைல கட்டப் பாக்கறா."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

ஏட்டு சிவப்பிரகாசம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னாம்மா இது? அவுத்துடு மொதல்ல."

"அவுக்கறேன் ஏட்டய்யா. ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பருத்தி நூல வுட்டு நைலானுக்கு மாறி ரெண்டு வருசம்தான் ஆவுது. எது நல்லது எது மட்டம்னு எங்களுக்கு இன்னா தெரியும்? இவரு குடுத்தத வாங்கிப் பின்னுனது இந்த வலை. செவ்வாக்கிழமை கடல்ல இஸ்துகினு இருக்கச்சே பட்டுனு வுட்டுச்சு. இஸ்த ஆளு கட்டுமரத்துலேர்ந்து பின்னால வுழுந்து தோள்பட்டை எறங்கிப் போச்சு. கூட இருந்தவங்க புடிக்கலேன்னா ஆளே கெடைச்சிருக்காது."

"உன் புருஷனுக்கு வலை இழுக்கத் தெரியலேன்னா நான் என்ன பண்றது?" உள்ளேயிருந்து கோதண்டராமன் குரல் கொடுத்தார். "வித்த சரக்கைத் திருப்பி வாங்கற பழக்கம் இந்தக் கடையில கிடையாது. என் நூல் இரும்பு மாதிரி."

அம்சா ஏட்டின் பக்கம் திரும்பினாள்.

"காலைலயும் இதத்தான் சொன்னாரு. அதான் கட்டுனேன். கத்திரி வேணாம், முடிச்ச அவுக்க வேணாம். கையால அறுத்துகினு வெளிய வரட்டும். அறுந்தா நூலு மட்டம்னு ஒத்துக்கணும். அறுவலன்னா இதே பஜார்ல அவரு கால்ல வுழுந்துட்டு பஸ் ஏறிடறேன்."

ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டார். "நியாயமாத்தான் கீது. இழுத்துப் பாருங்க மொதலாளி. அஞ்சு நிமிஷ வேலை."

கோதண்டராமன் துணியை எடுத்துத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து நூல் வாங்க இருவர் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஒரு மணிக்கு வீட்டிலிருந்து சாப்பாட்டு கேரியர் வந்தது. அதுவும் வெளியிலேயே நின்றது. கோதண்டராமன் எழுந்து வலை வரைக்கும் வந்தார். கையைத் தூக்கினார். இறக்கிக்கொண்டார்.

வெங்காயக் கடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொடவே மாட்டேங்கறாரே," என்றார் மெதுவாக. "அவருக்கே தெரியும் போலக்கீது."

கோதண்டராமன் வலையோரமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாம்மா, நல்ல நூலா தர்றேன். சும்மாவே தர்றேன். பேசாம அவுத்துட்டுப் போ."

அம்சா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒரு வலைக்குக் குடுத்து வாய அடைச்சுட்டு, மீதிய செய்யூர்காரன் தலைல கட்டுவியா? அந்தச் சரக்கு எவ்ளோ கீதோ அவ்ளோவும் வெளிய வரணும். அதுக்கப்பறம்தான் இந்த வலைக்கு நூலு."

"முடியாதுன்னா?"

"கடைசி பஸ்ஸு போனாப் போவுது. நாளைக்கும் இங்கதான் நிப்பேன்."

இன்னும் அரை மணி நேரம் போயிற்று. பிறகு கோதண்டராமன் இரண்டு கையாலும் வலையைப் பிடித்து இழுத்தார். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. பழந்துணி மாதிரி மேலிருந்து கீழே வரைக்கும் கிழிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தலை குனிந்தபடி அவரே நான்கு பெட்டி நூலைக் கொண்டுவந்து தெருவில் வைத்தார். அம்சா கடைக் கத்திரியை வாங்கி, ஒரு நூல்கண்டு விடாமல் வெட்டிப் போட்டாள். வெங்காயக் கடைக்காரரும் குந்தி உட்கார்ந்து கூட வெட்டினார்.

நல்ல சரக்கு வந்தது. ஒவ்வொரு கண்டிலும் ஒரு முழம் பிரித்து, இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டாள்.

"ரசீது போடு மொதலாளி."

"மீன்காரங்களுக்கு ரசீது போட்டுப் பழக்கமில்லை."

"இனிமே பழகிக்க. நாளைக்கு இதுவும் மட்டம்னா, இன்னா காட்டி உன்னக் கேக்கறது?"

அவர் பேனாவை எடுத்தார். "பேரு?"

"பொன்னி. புருஷன் பேரு காத்தவராயன். புதுப்பட்டினம் குப்பம்."

ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"தைரியசாலிதான் நீ," என்றார் ஏட்டு. "உன் வூட்டுக்காரருக்கு இப்ப தோள் எப்டி கீது பொன்னி?"

"நான் பொன்னி இல்ல ஏட்டய்யா, அம்சா. பொன்னி எதிர்வூட்டுக்காரி, வலை அவங்களுது. அழுதுகினே வலைய கரையில போட்டுட்டுப் போய்ட்டா. நான்தான் சுருட்டி எடுத்தாந்தேன்."

"உசிருக்கு உசிரான சிநேகிதி போல."

"சிநேகிதியா?" அம்சா முகத்தைச் சுளித்தாள். "அவளோட பேச்சு வார்த்த நின்னு ஆறு வருசம் ஆவுது."