கஜபதியின் யூனியன் மீட்டிங்

யூனியன் மீட்டிங் என்று மனைவி பத்மாவிடம் வாய் கூசாமல் புளுகிவிட்டு, கஜபதி பக்கத்துக் குவார்ட்டர்ஸின் பின்சுவரில் ஏறிக் குதித்தார். லுங்கி ஆணியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. போகட்டும், மானம் கிழியவில்லையே!

"மெதுவா வா அண்ணே, எவனாச்சும் பாத்தா தப்பா பேசுவான்" என்று நாகம்மா சமையற்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். அவள் புருஷன் லட்சுமணனுக்கு டாங்க் ஃபேக்டரியில் செகண்ட் ஷிப்ட்.

கஜபதி சப்பணமிட்டு உட்கார்ந்தார். தட்டில் கருவாட்டுக் குழம்பு. முதல் வாய் உள்ளே போனதுமே கண் கலங்கிவிட்டது. "உப்பு! ஆகா, உப்பும்மா இது!"

ஆவடியே உப்புப் போட்டுத் தின்னும்போது கஜபதி வீட்டில் மட்டும் உப்பு ஜாடி காலியாகக் கிடந்தது. மகள் ராணிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உப்புச் சேர்ந்தால் முகமும் காலும் வீங்கிவிடும். அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில் சப்பென்று பொங்கிப் போட்டபோது, குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"புள்ளைய ஒதுக்கி வெச்சு சோறு போடாதீங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து அதையே சாப்பிடுங்க" என்றார் டாக்டர். கஜபதி அன்றே வீறாப்பாகச் சொன்னார்: "ராணி, இனிமே அப்பா அம்மா வாயிலயும் உப்பு படாது!" அதன் பிறகுதான் ராணி சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், தெருவில் பாண்டி ஆடினாள். இந்தக் கருவாட்டு விஷயம் தெரிந்தால் அவ்வளவும் போச்சு.

"ஏம்மா நாகம்மா, என் நாக்கு செத்துப்போனது உனக்கு எப்டி தெரியும்? நீயாத்தானே சுவத்தாண்ட வந்து கூப்ட்டே?"

"நீ எளைச்சிட்டேன்னு ஒரு ஆளு ரொம்ப வெசனப்பட்டுச்சு. பேசாம துன்னு அண்ணே."

வாசலில் பத்மாவின் குரல் கேட்டது. கஜபதி தட்டோடு கதவுக்குப் பின்னால் பதுங்கினார்.

"நாகம்மா, அந்த மாங்கா ஊறுகா இன்னும் கீதுல்ல? அவரு மீட்டிங் போயிருக்காரு. சீக்கிரம் குடு!"

கஜபதிக்கு ரத்தம் கொதித்தது. கையில் கருவாட்டோடு வெளியே பாய்ந்தார். "அடிப்பாவி! பெத்த புள்ளைக்குத் துரோகம் பண்றியே, வெக்கமா இல்ல?"

பத்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல மீசைல கீற கொழம்பத் தொடைச்சிட்டுப் பேசுய்யா!"

நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஜபதிக்கும் பத்மாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

"ராணிக்குத் தெரிஞ்சா நாளைலேர்ந்து சோத்தையே தொடமாட்டாய்யா" என்றாள் பத்மா. "இன்னையோட இந்தக் கருமத்த விட்டுடலாம்."

"விட்டுடலாம்" என்று கஜபதி கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்சுவருக்கு மேலே ஒரு ரெட்டைப் பின்னல் எட்டிப் பார்த்தது. ராணி! இருவரும் ஒரே கதவுக்குப் பின்னால் முண்டியடித்து ஒளிந்தார்கள்.

ராணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாகம்மாவிடம் கிசுகிசுத்தாள்:

"அத்தே, ரெண்டு பேரும் நல்லா சாப்ட்டாங்களா? நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிடாதே, பாவம், வெக்கப்படுவாங்க!"