காலி வீட்டின் குளியலறை

கதவைச் சாவி போட்டுத் திறந்ததுமே குளியலறைக்குள்ளிருந்து ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது.

வீட்டை விற்றுத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்திருந்தவர் சாவியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும்.

"காலி வீடுன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

எனக்குத் திக்கென்றது. இதே வீட்டைப் பார்க்க முன்பு வந்த இரண்டு பேரும் 'உள்ளே ஆள் இருக்கா? அப்ப வேண்டாம்' என்று படியோடு திரும்பிப் போனவர்கள். முதலில் காலி செய்யுங்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள் என்று விற்கிறவரிடம் போன வாரம்தான் கறாராகச் சொல்லியிருந்தேன்.

குளியலறைக் கதவு திறந்தது.

ஒரு பெரியவர் ஸ்பேனரும் கையுமாக நின்றார். சுருட்டிவிட்ட பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சாவி வைத்திருந்தவரிடம் வந்ததும் பார்வை நின்றது.

"குழாய் வேலை முடிஞ்சிருச்சு சார்," என்றார். "சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வாஷரை மாத்திட்டேன்."

சாவி வைத்திருந்தவர் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி," என்றார்.

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பிளம்பர்! விற்கப்போகிற வீட்டைக்கூட எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள் என்று அதையும் ஒரு பெருமையாக்கி, அவர்களை நேராகக் குளியலறைக்குள் அழைத்துப் போனேன்.

சமையலறையைப் பார்த்து வேண்டாம் என்றவர்களை நான் பேசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். குளியலறையைப் பார்த்து முகம் சுளித்தவர்களை ஒருநாளும் அப்படிக் கொண்டுவர முடிந்ததில்லை. அதனால் அங்கே சின்னது என்று சொல்லமாட்டோம். 'கச்சிதம்' என்போம். பழசாக இருந்தால் 'உறுதியான ஃபிட்டிங்'. ஜன்னலே இல்லையென்றால் 'முழு பிரைவசி'.

இதில் ஜன்னல் இருந்தது. "நேச்சுரல் லைட்டிங்," என்றேன்.

அந்தப் பெண் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு குளியலறையைக் கட்டி முடித்திருந்தாள். குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. சுவரில் பொருத்துகிற கம்மோடு. தரைமுதல் கூரைவரை கறுப்பு டைல்ஸ்.

"கறுப்பு வேண்டாம்மா," என்றார் பெரியவர், கதவோரம் நின்றபடி. "இங்க உப்புத் தண்ணி. ஒரே வாரத்துல திட்டுத்திட்டா வெள்ளை படிஞ்சிரும்."

அவள் திரும்பினாள். அதுதான் சாக்கு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்த மூலையில் வாட்டம் சரியில்லை, தண்ணீர் தேங்கும், தள்ளிவிட வேண்டும். சுடுதண்ணீர் வர இரண்டு நிமிடமாகும், அதுவரை வருவதை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். காலை ஏழரைக்கு வெயில் நேராகக் கண்ணாடியில் விழும், சவரம் செய்யும்போது கண் கூசும்.

நான் மூடி மறைக்க நினைத்ததையெல்லாம் மனிதர் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவளுக்கு என்னவோ அதுதான் பிடித்துப்போயிற்று.

"மேடம், உங்களைவிட இவரு நல்லா விப்பார் போலிருக்கே!" என்றான் கணவன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டை விற்கிறவர் சிரிக்கவில்லை.

கம்மோடுக்குப் பக்கத்தில் ஒன்றும் ஷவருக்கு அடியில் ஒன்றுமாகச் சுவரில் இரண்டு எஃகுக் கைப்பிடிகள். அவள் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. இதை எடுத்துடலாம்ல?"

பெரியவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா எடுத்துடலாம்மா. நாலே ஸ்க்ரூ. முடியாம இருந்தவங்களுக்குப் போட்டது. இப்ப அவங்க இல்லை."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நேரமாகுது," என்றார் வீட்டை விற்கிறவர், யாரையும் பார்க்காமல். "நீங்க கிளம்புங்க."

"சரி சார்."

போகிறவரை அவள்தான் நிறுத்தினாள். பின்னால் வேலைக்குக் கூப்பிட வேண்டும், போன் நம்பர் வேண்டும் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார். ஸ்பேனரைக் கையிலேயே பிடித்தபடி படியிறங்கினார். பை ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

மற்ற அறைகளைக் காட்டினேன். சின்ன அறை ஒன்று பூட்டியிருந்தது. பழைய சாமான் போட்டிருக்கிறது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றார் விற்கிறவர். நான் அதை 'ஸ்டோர் ரூம்' என்றேன்.

பால்கனியில் நின்றபோது அவள் கீழே காட்டினாள். "பாவம், அந்த ஐயாவுக்குப் பஸ் கிடைக்கலை போல."

எதிர்ப்பக்க நிறுத்தத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் வந்து நின்றது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்ததற்கும் எழவில்லை.

"எங்களுக்கு ஓகே மேடம். பேசி முடிச்சிடுங்க," என்றான் கணவன்.

இந்த வீட்டுக்காக மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். அந்தச் சொல் காதில் தேனாகப் பாய்ந்தது.

"நீங்களும் அவர் நம்பரை வச்சுக்குங்க மேடம். நல்ல பிளம்பர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு," என்று அவள் தன் போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

நானும் தட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது எண்ணிலேயே திரையில் பெயர் வந்துவிட்டது.

அன்று காலையில் நானே சேர்த்து வைத்த பெயர். பத்திர நகலோடு அந்த நம்பரையும் விற்கிறவர் அனுப்பியிருந்தார். 'வீடு அப்பா பேர்ல இருக்கு. அவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார். கையெழுத்துப் போட மட்டும் வருவார்' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அவள் மிச்ச எண்களையும் படித்து முடித்தாள்.

நான் நிமிர்ந்து மகனைப் பார்த்தேன். பால்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற நகத்தால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பதிஞ்சுக்கிட்டீங்களா மேடம்?"

"பதிஞ்சுக்கிட்டேன்மா," என்றேன்.