சும்மா இருக்கும் முகம்

அப்பாவின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

குரங்கு தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற படம் போட்டாகிவிட்டது. கேக் வெட்டப் போனவர் அதன் மேலேயே விழுகிற படமும் போட்டாகிவிட்டது. மற்றவர்களுக்கு, எவ்வளவு அடக்கினாலும், கண்ணோரமாவது துடிக்கும். சொந்தக்காரர்கள் இவருக்குக் கல்மூஞ்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

மகளுக்கு இதுதான் வேலை. கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தில் வந்து மறைவதையெல்லாம் வீடியோவில் கண்டுபிடிக்கக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பரிசோதனைக்கு ஆள் குறைகிறது என்று அப்பாவை அழைத்து வந்தது பாதிப் பொய்.

மீதி உண்மை கேமராவுக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தது. “எங்க கேமராக்காரரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்ப்பா” என்று போன வாரம் சொன்னாள். “பாக்கலாம்” என்றதோடு சரி, அப்பா அப்புறம் வாயே திறக்கவில்லை.

அதனால்தான் குரங்குக்கும் கேக்குக்கும் நடுவில் கேமராக்காரரின் படத்தைச் செருகியிருந்தாள். பிடித்திருந்தால் உதடு காட்டிக்கொடுக்கும். பிடிக்காவிட்டால் மூக்காவது சுளிக்கும்.

கணினி வீடியோவைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, ‘மாற்றம் இல்லை’ என்றது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர்?

மனசு கேட்காமல் பதிவின் தொடக்கத்துக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பதிவாகும் முதல் முகத்தை, சும்மா இருக்கும் முகம் என்று கணினி வைத்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடும்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஒரு கை தெரிந்தது. அப்பா மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைக் கேமராக்காரர் சத்தமில்லாமல் சரியாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

அடுத்து வந்த அந்த முதல் முகத்தில், உதட்டோரம் நூலளவு ஏறியிருந்தது.

அவள் அவசர அவசரமாக அடையாள அட்டையில் இருந்த அப்பாவின் சிரிக்காத படத்தை அந்த முதல் முகத்தின் இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினாள்.

‘சிரிப்பு’ என்றது கணினி. குரங்கு வருவதற்கு முன்பே சிரிப்பு. கேக்குக்கும் சிரிப்பு. கடைசிவரை இறங்கவே இல்லை.

வாசலில் அப்பா அதே கல்மூஞ்சியோடு வந்து நின்றார்.

“கிளம்பலாமா? மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேட்டியா?”