முதல் கவளம்

ஒல்லாந்தர் கோட்டையில் உச்சிப்பொழுது மணி அடித்து ஓய்கிறது. ஏரிக்கரையில் கவிழ்த்துப்போட்ட தோணிக்குப் பின்னால் காசியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோணிக்கு அந்தப் பக்கம் பூவரச நிழலில் அவள் புருஷன் சின்னப்பன். யாரும் பேசாதபோதும் அவன் காதில் பேச்சுக் கேட்கிறது. வீட்டிலிருப்பவள் உன் பெண்டாட்டியே இல்லை, அவள் உருவில் வந்த வேறு எவளோ, சோற்றில் விஷம் வைக்கிறாள் என்கின்றன அந்தக் குரல்கள். அவள் கையால் அவன் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அதனால் குப்பத்து வீடுகள் முறை வைத்துக்கொண்டு, அவள் ஆக்கியதைத் தங்கள் வீட்டுச் சோறு என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. இன்று அம்மணியின் முறை. ஏரிச்சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்த ஈரச்சேலையோடு அவன் எதிரில் குந்துகிறாள். நண்டுக்குழம்புச் சோற்றில் ஒரு கவளம் உருட்டித் தன் வாயில் போட்டு விழுங்குகிறாள்.

"பாத்தியாண்ணே, எனுக்கு இன்னா ஆயிடிச்சி? துன்னு."

அவன் அவள் தொண்டையையே பார்க்கிறான். பிறகு சட்டியை இழுத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்கிறான். தாடியில் வழியும் குழம்பை அம்மணி துடைத்துவிடுகிறாள். தோணியோரமாய் எட்டிப் பார்க்கும் காசியம்மாளின் கை, தன்னையறியாமல் தன் முந்தானை நுனியைப் பிடிக்கிறது.

"என் பொண்டாட்டி வெக்கிற மாதிரியே கீது," என்கிறான் சின்னப்பன். "அவ எப்ப வருவா?"

தோணிப்பக்கம் திரும்பிவிடாமல் அம்மணி சட்டியையே பார்க்கிறாள். "வந்துருவாண்ணே."

"வந்தா, நான் துன்னுட்டேன்னு சொல்லு. நான் துன்னாம அவ துன்ன மாட்டா."