ஒரே ஒரு எதிர்ப்பு

"பட்டாளத்துக்காரனைக் கதிரையில இருத்தினா பிறகு எழுப்பேலாது. பக்கத்தில பிஜியைப் பாருங்கோ. ஆட்சியைக் கவிழ்த்த ராணுவக்காரர்தான் இண்டைக்குப் பிரதமர்."

நியூசிலாந்தின் ஏவன்டேல் தமிழ்ச் சங்கச் செயலாளர் நிக்கலஸ் ஒரு வாரமாக வீடு வீடாகப் போய் இதைத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்காரர்களிடம் பட்டது போதாதா, ஆக்லாந்திலுமா என்று அவருக்குப் பயம்.

தலைவர் பதவிக்கு நின்ற ஒரே ஆள், இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர் வரதராஜன். போன பொங்கல் விழா இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய கடுப்பில் எல்லாரும் அவர் பக்கம். உறுப்பினர் படிவத்தில்கூடப் பச்சை மையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த அதிகாரித் தோரணையே நிக்கலஸுக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தில், வழக்கம்போல் கையைத் தூக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார்கள். மேஜர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சீட்டுல போடுங்க. நான் வேணும்னா டிக். வேண்டாம்னா பெருக்கல் குறி."

சீட்டும் பென்சிலும் கைமாறின. நிக்கலஸ் பெருக்கல் குறி போடத்தான் குனிந்தார். அதற்குள் மேஜர் தன்னையே பார்ப்பது தெரிந்தது. யாழ்ப்பாணத்து ராணுவச் சோதனைச் சாவடிகளில் பணிந்து பழகிய கை, தானாக டிக் போட்டுவிட்டது. ஏன் போட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மனைவி மாகிரட் சீட்டுகளைப் பிரித்து வாசிக்க, அவர் கோடு கிழித்து எண்ணினார். நாற்பத்திரண்டு டிக். ஒரே ஒரு பெருக்கல் குறி.

ஹாலே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நானெண்டா பயந்து டிக் போட்டிட்டன். நீங்கள்தான் விட்டுக்குடுக்கேல்லை" என்று மாகிரட் பெருமையாகக் காதில் சொன்னாள். அவர் கோடுகளை மறுபடி எண்ணினார்.

மேஜர் எழுந்தார். "முதல் நன்றி, என்னை வேண்டாம்னு சொன்ன அந்த ஒருத்தருக்கு. வேண்டாம்னு சொல்ல ஆளே இல்லைன்னா, இது சங்கம் இல்லை, பட்டாளம்."

எல்லாரும் நிக்கலஸைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அவர் ஒன்றும் புரியாமல் அந்தச் சீட்டை எடுத்து விரித்தார். போட்டது யாராக இருக்கும்?

பென்சில் கோடு இல்லை. பச்சை மை.

அருகில் வந்த மேஜர், பேனாவைச் சட்டைப் பையில் செருகியபடி மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷமாவது இதை நீங்க போடுங்க சார்."