உறைக்குள் ஒரு பல்

கொலை வழக்குகளுக்கு டிஎன்ஏ பரிசோதிப்பது என் பிழைப்பு. மனைவிக்கும் அதே ஆய்வகம் என்பதால், வீட்டில் மிச்சம் வைத்த திட்டு அங்கே கிடைக்கும்.

அன்று ஒரு பல் வந்தது. கொலையான, அடையாளம் தெரியாத இளம்பெண்ணுடையது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில் சீல் வைத்த உறை.

எங்கள் எச்சில் தெறித்திருக்கிறதா என்று பார்க்க, ஊழியர்களின் டிஎன்ஏவோடும் கணினி ஒப்பிடும். பாதி நான், பாதி என் மனைவி என்றது.

"ரெண்டு பேரும் சேர்ந்து தும்மினீங்களாய்யா?" என்று மேலதிகாரி சிரித்தார்.

தும்மியிருந்தால் இருவருடையதும் முழுசாகக் கலந்திருக்கும். இது ஒரே ஆளுடையது. அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதுபோலச் சரிபாதி. கையுறை மாற்றி மறுபடி செய்தேன். அதேதான். எங்களுக்கோ பிள்ளையே இல்லை.

மதியம் டாக்டரைப் பார்த்துவிட்டு மனைவி நேரே என் மேஜைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா ஆகப்போறீங்க சார்! பொண்ணா பையனா, சொல்லுங்க பாப்போம்?"

கணினித் திரையை முதுகால் மறைத்தபடி எழுந்தேன்.

"பையன்."

"பொண்ணுதான் வேணும்னு இத்தனை வருஷமா என் உயிரை வாங்கினீங்களே?"

"பையன்தான்," என்றேன். "பையனாவே இருக்கட்டும்."