மணிக்கட்டு வழியாகப் போன கம்பி

செண்பகராமனுக்கு மாரடைப்பு. தலைமுடி போல மெலிந்த கம்பி ஒன்று அவருடைய மணிக்கட்டு நாடிக்குள் நுழைந்தது. இதயத்தின் அடைப்பைத் திறக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று அதற்கு நினைப்பு.

நாடி பயந்துபோய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டர் மருந்து செலுத்தியதும் மெல்லத் தளர்ந்து, "போய்ப் பார்த்து வா. நான் இதயத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை" என்றது.

முழங்கையும் தோளும் கடந்து கம்பி இதயத்தை அடைந்தது. அங்கே கண்ட காட்சியில் அதன் இறுமாப்பெல்லாம் கரைந்தது. தன் சொந்தத் தசைக்கு ரத்தம் வரும் குழாயே அடைத்துக் கிடக்க, வலியோடு உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தது இதயம்.

"கொஞ்சம் நின்று இளைப்பாறக் கூடாதா?" என்று தழுதழுத்தது கம்பி.

"நான் நின்றால் மற்ற உறுப்புகளெல்லாம் என்ன ஆகும்?" என்றது இதயம்.

கம்பி அடைப்பைக் கடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்த குட்டிப் பலூன் அடைப்பில் விரிந்தது, ரத்தம் பாய்ந்தது. வலி தணிந்த இதயம், புறப்பட்ட கம்பியிடம் மெதுவாக ஏதோ கேட்டது.

திரும்பும் வழியில் நாடி ஆவலோடு, "பார்த்தாயா? என்ன சொன்னது?" என்றது.

கம்பி சொன்னது:

"என்னை உள்ளே விட்டபோது உனக்கு ரொம்ப வலித்ததா என்று கேட்டது."